இடுப்பில் கட்டிய துண்டு

பெரிய வியாழன் பூசைக்கு என் தாத்தா சீக்கிரமே போய்விடுவார். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை அது. கடைசி இராவுணவில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்று சாமியார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். பீடம் நன்றாகத் தெரிகிற தூணோரம்தான் அவர் இடம். பிரசங்கம் முடிந்து, சாமியார் மேலே போட்டிருக்கும் பூசை உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக் கட்டுவார் இல்லையா, அந்த நேரம் தாத்தா எழுந்து நின்றுவிடுவார். கோயிலே உட்கார்ந்திருக்கும், அவர் மட்டும் நிற்பார். கால் கழுவுவதைக்கூட அவர் அவ்வளவு கவனித்ததாக ஞாபகம் இல்லை. துண்டு கட்டுவதைத்தான் பார்ப்பார். கட்டி முடித்ததும் உட்கார்ந்துவிடுவார்.

ஏன் தாத்தா என்று ஒரு வருடம் கேட்டேன். எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். அன்று இரவு வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொன்னார்.

தாத்தாவுக்கு மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். ஆண்டை எதிரில் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், இல்லையென்றால் அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். குனிந்து வழிவிட வேண்டும். தாத்தாவும் அப்படிக் கட்டியிருக்கிறார். பிறகு வடசென்னைக்கு வந்து பின்னி மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரம்பூர் தெருவில் கோயிலுக்கு நடந்தபோது, யாராவது கூப்பிட்டு அதட்டுவார்களோ என்று முதுகு கூசிக்கொண்டே இருந்ததாம்.

"நாங்க கட்டலைன்னா அடி விழும்டா" என்றார். "அவரை யாரும் கட்டச் சொல்லல."

தாழ்மையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் என் தாத்தா அன்று சொன்ன இந்த இரண்டு வரியைத் தாண்டி வேறு எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. தாழ்மை என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரில் நிறைய அநியாயம் நடந்திருக்கிறது. ஏற்கெனவே குனிந்து நிற்பவனைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குனி, அதுதான் கிறிஸ்தவப் பண்பு என்று சொல்லியிருக்கிறார்கள். மருமகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள், வேலைக்காரருக்குச் சொல்லியிருக்கிறார்கள், சேரியிலிருந்து வந்த புதுக்கிறிஸ்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுப்பிய பங்குகள், அதாவது கோயில் சமூகங்கள், தமிழ்நாட்டில் உண்டு. அந்தக் கோயில்களிலும் வருடா வருடம் பெரிய வியாழன் வந்திருக்கும், யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரம் வாசித்திருப்பார்கள், துண்டு கட்டியிருப்பார்கள்.

அந்த அதிகாரத்தை மெதுவாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். துண்டு கட்டுவதற்கு முன்பே யோவான் ஒரு வரி எழுதிவிடுகிறார். தந்தை எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்துவிட்டார் என்பதை இயேசு அறிந்திருந்தார், அதை அறிந்தவராகத்தான் பந்தியிலிருந்து எழுந்தார் என்று. எல்லாம் கையில் இருக்கிறவர் எழுந்திருக்கிறார். மேலுடையைக் கழற்றுகிறார். "ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்" என்று நம் பொது மொழிபெயர்ப்பு சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் இது "சீலை". அதுவும் நல்ல சொல்தான். ஆனால் துண்டு என்று படிக்கும்போது ஒரு தமிழனுக்குப் புரிவது வேறு யாருக்கும் புரியாது என்று நான் நினைக்கிறேன். தோளில் இருந்தால் என்ன அர்த்தம், இடுப்புக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கால் கழுவுவது அந்தக் காலத்தில் அடிமையின் வேலை. எபிரேய அடிமையிடம் அந்த வேலையை வாங்கக் கூடாது என்றே யூத மறைநூல் விளக்கம் ஒன்றில் இருக்கிறது. அவ்வளவு கீழான வேலை. அதை அவர் பன்னிரண்டு பேருக்கும் செய்தார். அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் காலும் கழுவப்பட்டது.

சரி, துண்டுக்கு நம் ஊரில் இன்னொரு வேலையும் இருக்கிறதே. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது. மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் சீடர்களான யாக்கோபும் யோவானும் செய்தது அதுதான். நீர் அரியணையில் இருக்கும்போது எங்களில் ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவைக்கிறார்கள். மத்தேயு நற்செய்தியில் அவர்களுடைய அம்மா வந்து கேட்கிறார். மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. நாம் கேட்பதற்கு முன்னால் இவர்கள் கேட்டுவிட்டார்களே என்ற கோபம்தான் அது என்று எனக்குப் படுகிறது. அப்போதுதான் இயேசு அந்த வார்த்தையைச் சொல்கிறார்: "மானிடமகன் தொண்டு ஏற்பதற்கு அல்ல, மாறாகத் தொண்டு ஆற்றுவதற்கும் பலருடைய மீட்புக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுப்பதற்கும் வந்தார்." லூக்கா இன்னும் ஒரு படி மேலே போய், யார் பெரியவர் என்ற சண்டை கடைசி இராவுணவுப் பந்தியிலேயே நடந்தது என்று எழுதுகிறார். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த கை காய்வதற்குள்.

கிண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒருமுறை சூப்பர்வைசர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. தலைப்பு 'சர்வன்ட் லீடர்ஷிப்'. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராபர்ட் கிரீன்லீஃப் என்பவர் 1970இல் எழுதிய கட்டுரையால் பரவிய பெயர் அது. பயிற்சி நன்றாகவே இருந்தது. கீழே இருப்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் வளர வழி செய்யுங்கள் என்பது யார் சொன்னாலும் நல்லதுதான். ஆனால் கடைசி மணி நேரத்தில், இப்படி நடந்தால் உற்பத்தி எவ்வளவு கூடும் என்று ஒரு வரைபடம் காட்டினார்கள். எனக்கு அங்கே மனசு நின்றுவிட்டது. பந்தியிலிருந்து எழுந்து துண்டு கட்டியவருக்கு மறுநாள் கிடைத்தது சிலுவை. அதை எந்த வரைபடத்திலும் ஏற்ற முடியாது.

இதையெல்லாம் யோசித்து வைத்திருந்த நானே எங்கள் பங்குப் பேரவையில் செயலாளராக இருந்தபோது என்ன செய்தேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். திருவிழா நோட்டீஸில் என் பெயர் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டது என்று இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். காரணம் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் என்னிடம்தான் இருந்தது. அந்தப் பட்டியலை நான் போட்ட விதம் ஒரு கல்யாண வீட்டு முன்வரிசையைப் போலத்தான் இருக்கும். பேரவை உறுப்பினர் நாலு பேர், தெருவாரிச் செபக்குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்கள், கொடிமரத்துக்குப் பணம் கொடுத்தவர், அவர் தம்பி. எல்லாரும் வெள்ளை வேட்டி சட்டையில் வருவார்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கால்கள். ஃபாதர் ஊற்றும் தண்ணீர் தாம்பாளத்தில் விழும்போது, ஊற்றியபடியே தெளிவாக இருக்கும்.

திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் பதவி ஏற்ற 2013ஆம் வருடம், ரோமில் உள்ள கசால் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவினார். அதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அதுவரை பூசைப் புத்தகத்தில் 'தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள்' என்றுதான் இருந்தது. 2016 ஜனவரியில் அதை மாற்றி, இறைமக்கள் எல்லாரிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆணை வந்தது. எங்கள் பங்குக்கு அது வந்து சேர இன்னும் இரண்டு வருடம் ஆனது. புதிதாக மாற்றலாகி வந்த ஃபாதர் என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார், "கோயில் பெருக்குறாங்களே, அந்த அம்மா பேரு இதுல இல்லையா?"

அவரைப் பெயர் சொல்லாமல் அக்கா என்றே இங்கே எழுதுகிறேன். வியாசர்பாடியிலிருந்து விடியற்காலை நடந்தே வருவார். கோயில், மண்டபம், கழிப்பறை எல்லாம் அவர் பொறுப்பு. நான் போய்ச் சொன்னதும் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"வேணாம் சார். என் காலைப் போய் ஃபாதர் தொடுறதா? எனக்குப் பாவம் சார் அது."

நான் விடவில்லை. ஃபாதர் ஆசைப்படுகிறார் என்றேன், பங்குக்கே பெருமை என்றேன். இன்று நினைத்தால் அந்த வற்புறுத்தல் சரியில்லை என்று தோன்றுகிறது. இல்லை என்று சொல்ல அவருக்கு என்னிடம் எங்கே இடம் இருந்தது? சம்பள வவுச்சரில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

வந்து உட்கார்ந்தார். கடைசி நாற்காலி. புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் உள்ளே தள்ளி வைத்திருந்தார். ஃபாதர் முன்னால் வந்து மண்டியிட்டபோதும் கால் வெளியே வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் துண்டோடு அப்படியே காத்திருந்தார். பாடகர் குழு ஒரு சரணத்தை இரண்டாம் முறை பாட வேண்டியதாயிற்று. பிறகு வலது கால் மட்டும் மெல்ல வந்தது. குதிகாலில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. ஆசிட் ஊற்றிக் கழிப்பறை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஃபாதர் தண்ணீர் ஊற்றினார், ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். அக்கா முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை நான் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சடங்கு முடிந்தது, பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். பீடப்படிக்கு முன்னால் நிறையத் தண்ணீர் சிந்தியிருந்தது. காணிக்கைப் பவனி அந்த வழியாகத்தான் வர வேண்டும். அக்கா பின்பக்கம் போனார். ஒரு பழைய துணியோடு வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சற்று முன்பு தம் கால் கழுவப்பட்ட அதே இடத்தில் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தார். நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கும் முதலில் தெரியவில்லை. அவருடைய வலது பாதம் இன்னும் ஈரமாக இருந்தது, தரையில் அவர் நகர்ந்த இடமெல்லாம் அந்த ஒற்றைக் கால் தடம் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று நற்கருணை ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தேன், செபம் வரவில்லை. நாலு வருடமாக அந்த அக்காவுக்குச் சம்பளம் ஏறவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தார். "பார்க்கலாம் அக்கா" என்று சொல்லிவிட்டு நான் மறந்தே போனேன். கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போட்ட செலவுக் கணக்கு மட்டும் எனக்குப் பைசா சுத்தமாக ஞாபகம் இருந்தது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகத்தில் வருகிறது. கூக்குரல் எங்கள் கோயிலுக்குள்ளேயே, பீடப்படிக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. ஈஸ்டர் முடிந்து நடந்த முதல் கூட்டத்தில் சம்பளத்தை எழுப்பினேன். நிதி நிலைமை என்று இழுத்தார்கள், அடுத்த கூட்டத்தில் முடிந்தது. கூட்டிக் கொடுத்தோம், பி.எஃப். கட்டவும் ஏற்பாடு செய்தோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. செய்திருக்க வேண்டியதைக் காலம் தாழ்த்திச் செய்தோம், அவ்வளவுதான்.

அந்த இரவிலிருந்து சீடர் பேதுருவைப் பற்றி நான் நினைத்ததும் மாறியது. "நீர் என் காலடிகளைக் கழுவ விடமாட்டேன்" என்று அவர் மறுத்ததைப் பணிவு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அக்கா மறுத்தது வாழ்நாள் முழுக்கப் பழக்கப்படுத்தப்பட்ட பயத்தில். பேதுரு மறுத்தது வேறு. தலைவர் இப்படிக் குனிந்தால், அவருக்குக் கீழே இருக்கிற நானும் நாளைக்கு இன்னொருவன் முன்னால் குனிய வேண்டிவரும், ஏணியே சாய்ந்துவிடும். அதை அவர் உள்ளுக்குள் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். "நான் உன் காலடிகளைக் கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கு இல்லை" என்று இயேசு கறாராகச் சொன்னதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். கடைசியில் அவர் கொடுத்த கட்டளையையும் பாருங்கள். "நீங்களும் ஒருவர் மற்றவருடைய காலடிகளைக் கழுவக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்." ஒருவர் மற்றவருடைய. அதாவது என் முறை வரும்போது நான் காலை நீட்ட வேண்டும்.

இயேசுவும் நீட்டியிருக்கிறார். 13ஆம் அதிகாரத்துக்கு முந்தைய அதிகாரத்திலேயே, யூதர்களின் பாஸ்கா விழாவுக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியா ஊரில் லாசரின் சகோதரி மரியா அவர் காலடியில் நறுமணத் தைலம் பூசித் தம் கூந்தலால் துடைக்கிறார். வீடெல்லாம் மணம். யூதாஸ் செலவுக் கணக்கு பேசுகிறான். இயேசு தடுக்கவில்லை, காலை இழுத்துக்கொள்ளவில்லை. யோவான் கிரேக்கத்தில் அங்கே 'துடைத்தார்' என்பதற்குப் போட்ட அதே வினைச்சொல்லைத்தான் அடுத்த அதிகாரத்தில் இயேசு சீடர்களுக்குத் துடைத்ததற்கும் போடுகிறார். ஒரு பெண் தமக்குச் செய்ததை வாங்கிக்கொண்டவர்தான், ஒரு வாரம் கழிவதற்குள் அதைப் பன்னிரண்டு பேருக்குச் செய்தார்.

கொடுப்பது எனக்கு எப்போதும் சுலபம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாலு நாள் வீட்டுக்குப் போகாமல் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். கையில் பொட்டலத்தோடு நிற்கும்போது நான் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வராது. வாங்குகிற கை என்னுடையதாக ஆனபோதுதான் கஷ்டமாக இருந்தது.

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. எனக்கும் என் மனைவிக்கும் ஒரே நாளில் பாசிட்டிவ். மகன் துபாயில். சொந்தக்காரர்கள் போனில் அழுதார்கள், யாரும் தெருவுக்கு வர முடியாத நேரம். மூன்றாம் நாள் மத்தியானம் கேட்டில் சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு தூக்குச்சட்டி தொங்குகிறது, அக்கா தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். மாஸ்க்குக்கு மேலே புடவைத் தலைப்பைச் சுற்றியிருந்தார். "மிளகு ரசம் சார், சூடாக் குடிங்க" என்று கத்தினார். பத்து நாள் தொடர்ந்து வந்தார். கஞ்சி, துவையல், ஒருநாள் கருவாட்டுக் குழம்பு. ருசியே தெரியாத நாக்கில் அந்தக் கருவாடு மட்டும் எப்படியோ தெரிந்தது.

முதல் நாளே நான் செய்தது என்ன தெரியுமா? அவர் பையன் நம்பருக்கு ஜிபேயில் ஆயிரம் ரூபாய் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பணம் திரும்பி வந்துவிட்டது, கூடவே போனும்.

"காசு குடுத்தா அது ஓட்டல் சார். நான் ஓட்டல் வெச்சிருக்கேனா?"

காய்ச்சலோடு படுத்திருந்தபோது அந்த வாக்கியம்தான் ஓடிக்கொண்டே இருந்தது. பேதுருவின் வேலையை நான் ஆயிரம் ரூபாய் கொடுத்துச் செய்யப் பார்த்திருக்கிறேன். காலை இழுத்துக்கொள்வதற்கு எத்தனை வழி.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றி அப்போது நினைத்துக்கொண்டேன். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைக்காரர், இங்கே சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1910இல், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. மேடைக்கு முன்னால் மிஷனரிகள் நிறைந்த கூட்டம். இந்தியாவுக்காக எவ்வளவோ செய்தவர்கள், உயிரையே கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் முன்னால் நின்று இவர் சொன்னார்: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே எரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். பலருக்கு அன்று கோபம் வந்தது. தொண்டு செய்கிறவன் மேலேயே நின்றுகொண்டு கையை மட்டும் கீழே நீட்டலாம், அப்படி ஒரு வாழ்நாள் முழுக்க நீட்டிக்கொண்டே இருக்கலாம் என்பதை அவர் பார்த்திருந்தார். துண்டு கட்டிய அதே இரவில், இரண்டு அதிகாரம் தள்ளி, இனி உங்களைப் பணியாளர் என்று சொல்ல மாட்டேன், நண்பர்கள் என்றேன் என்று இயேசு சொல்கிறார். கால் கழுவியது அதில் போய் முடிந்திருக்கிறது.

2025ஆம் வருடம் பெரிய வியாழனன்று திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் ரோமில் ஒரு சிறைக்குப் போனார். வழக்கமாகச் செய்வதை இந்த வருடம் செய்ய முடியவில்லை என்று கைதிகளிடம் சொன்னார். குனிய முடியவில்லை. அவரைத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். சும்மா அவர்களோடு இருந்துவிட்டு வந்தார். நாலு நாளில் இறந்துபோனார். கால் கழுவிய வருடங்களைவிட அந்தக் கடைசி வருடத்துப் படத்தைத்தான் நான் போனில் வைத்திருக்கிறேன்.

எங்களுக்கு உடம்பு தேறியதும் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி கொஞ்சம் கேசரி கிளறிப் போட்டுக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன். ஒன்பது வருடம் அவரை வேலை வாங்கியவன், அதுவரை அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. தெரு பெயரையே போனில் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஒற்றை அறை. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே பேத்தியின் பள்ளிக்கூட கோப்பை. அக்கா பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். வேண்டாம் அக்கா என்று என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

ஸ்டவ்வைப் பற்ற வைத்து, டீ போட்டு, டம்ளரைத் துண்டு நுனியில் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சூடா இருக்கு, பார்த்துக் குடி தம்பி" என்றார்.